ரயில்வேக்காரனுக்கு உங்கள் பட்டியலில் இடம் எங்கே? மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டக் கட்சிக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

கிழக்கு மாகாண சபைக்கு வேட்பாளர்களைத் தெரிவு செய்யும் தமிழ்க் கட்சிகளின் மாவட்டக் குழுத் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

உங்களில் ஒரு கட்சியின் தெரிவுக் குழு அண்மையில் ஒரு முடிவு எடுத்திருக்கிறது. மாகாண சபைத் தேர்தல் எப்போது வந்தாலும், வேட்பாளராக வருபவர் பட்டதாரியாகவோ ஓய்வுபெற்ற நிருவாக உத்தியோகத்தராகவோ 'சமூகத்தில் அந்தஸ்து உள்ள' தொழில் செய்பவராகவோ இருக்க வேண்டுமாம். கட்சியின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் மற்றக் கட்சிகள் கைதட்டிவிட்டு, அதே அளவுகோலைக் கொண்டே தங்கள் பட்டியலையும் தயாரிக்கும். இதை எழுதி வைத்துச் செய்கிற கட்சி ஒன்றுதான்; எழுதாமல் செய்கிற கட்சிகளே இங்கு அதிகம். ஆகவே இந்த மடல் உங்கள் எல்லோருக்கும் உரியது.

நான் ரயில்வே திணைக்களத்தில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் வேலை செய்து ஓய்வுபெற்றவன். புணானை, வாழைச்சேனை, கல்குடா, வந்தாறுமூலை, ஏறாவூர் என்று மட்டக்களப்புவரை வரும் தண்டவாளத்தில் என் உழைப்புக் காலம் போனது. நான் வேட்புமனு கேட்கவில்லை. எனக்கு அந்த வயதும் இல்லை. கேட்டவர் வேறொருவர். பாதுகாப்பற்ற ரயில் கடவை ஒன்றில் காப்பாளராக இருப்பவர், நாற்பதைத் தாண்டியவர். கடவைக் காப்பாளர்களுக்காகப் பல வருடங்களாக மனு எழுதி, மாவட்டச் செயலகமான கச்சேரிக்கும் கொழும்புக்கும் அலைந்து, மறியலில் வெயிலில் நின்றவர். அவருடைய விண்ணப்பத்தோடு தெரிவுக் குழுவின் முன் நானும் போயிருந்தேன்.

விண்ணப்பத்தைப் புரட்டியவர் 'தொழில்' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு, "கேற் பூட்டுகிற வேலையா?" என்று கேட்டார். அடுத்து, சொந்த வாகனம் உண்டா என்றார். பிறகு, தேர்தலுக்கு எவ்வளவு செலவழிக்க முடியும் என்றார். கூட்டம் முடிந்து எழும்பும்போது இன்னொருவர் அவரை ஓரமாகக் கூப்பிட்டு, "தம்பி எந்தக் குடி?" என்று, அதாவது எந்தத் தாய்வழி வம்சம் என்று, தணிந்த குரலில் விசாரித்தார். அவர் எழுதிக் கொடுத்திருந்த நான்கு பக்கக் கோரிக்கைகளை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. கடைசியில், "உங்களைப் போன்ற ஆட்கள்தான் எங்களுக்குப் பலம், களத்தில் நில்லுங்கள்" என்று தோளில் தட்டி அனுப்பினார்கள். களம் என்றால் என்ன என்பது எங்களுக்குத் தெரியும். போஸ்டர் ஒட்டுவது, கதிரை அடுக்குவது, வாக்களிப்பு நாளன்று வயதானவர்களை ஓட்டோவில் ஏற்றி இறக்குவது. வயல் சொந்தக்காரரான போடியாரின் வளவில் அவருடைய வயல் வேலையாளான முல்லைக்காரன் நிற்பது போல அந்த மனிதர் அங்கே நின்றார். இந்த முடிவு அதன் பிறகு வந்தது.

அவர் செய்யும் வேலை எப்படிப்பட்டது என்பதைக் குழுவில் இருந்தவர்கள் ஒரு நாளாவது நின்று பார்த்திருந்தால், விரலை அந்த இடத்தில் வைத்திருக்க மாட்டார்கள். கடவைக்குப் பக்கத்தில் தகரம் அடித்த ஒரு கொட்டில். தண்ணீர் இல்லை, கழிப்பறை இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மனம் வைத்தால் உண்டு. அந்தக் கடவை ரயில் சமிக்ஞையோடு இணைக்கப்படவில்லை. நேர அட்டவணையை நம்பினால் ஆட்கள் சாவார்கள் என்பது முதல் கிழமையிலேயே தெரிந்துவிடும். எனவே அடுத்த கடவையில் இருப்பவருக்குத் தன் கைத்தொலைபேசியில், தன் காசில் அழைப்பு எடுத்து, ரயில் கடந்துவிட்டதா என்று கேட்க வேண்டும். மழைக்காலத்தில் அலைவரிசை இல்லாத நேரம் தண்டவாளத்தில் கையை வைத்து அதிர்வு பார்க்கிறார். பிறகு ஓடிப்போய் இரண்டு பக்கமும் குறுக்குக் கம்பியை இறக்க வேண்டும். ஒரு பக்கம் இறக்கி மற்றப் பக்கம் ஓடுவதற்குள் மோட்டார் சைக்கிள்காரர் குனிந்து நுழைகிறார். தடுத்தால் தாயையும் தகப்பனையும் இழுத்துத் திட்டு விழுகிறது. அந்தத் திட்டைக் கேட்டுக்கொண்டே பச்சைக் கொடியை நேராகப் பிடித்து நிற்க வேண்டும்.

இந்த வேலைக்கு இவர்கள் பொலிஸ் திணைக்களத்தின் ஊடாக அமர்த்தப்பட்டவர்கள். நாளொன்றுக்கு 250 ரூபா, அதாவது மாதம் 7,500 ரூபா என்ற கொடுப்பனவில்தான் அமர்த்தினார்கள். ரயில்வே திணைக்களம் இவர்களைத் தன் ஊழியராகச் சேர்க்கவில்லை. பொலிஸ் திணைக்களமோ இவர்களைப் பொலிஸார் என்று சொல்லாது. ஓய்வூதியமும் இல்லை, நிரந்தர நியமனமும் இல்லை. வடக்கிலும் கிழக்கிலும் இவர்கள் எத்தனையோ முறை பணிப்பகிஷ்கரிப்புச் செய்தார்கள். ஒவ்வொரு முறையும் உங்களில் யாராவது வந்து பந்தலுக்குள் அமர்ந்து படம் எடுத்துக்கொண்டு போனார்கள். அந்தப் படங்கள் எங்களிடமும் இருக்கின்றன.

படித்தவர்கள் மன்றத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு நான் எதிரி இல்லை. ஆனால் உங்கள் முடிவில் உள்ள ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியாது. அரச சேவைக்கான விதிகளின் தொகுப்பான தாபன விதிக்கோவையின் 32ஆம் அத்தியாயம் அரச ஊழியர்களை அரசியல் உரிமை உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. பதவிநிலை உத்தியோகத்தருக்கு அந்த உரிமை இல்லை. தண்டவாளத்தில் சம்மட்டி பிடிப்பவன் உரிமை உள்ள பக்கத்தில் வருகிறான். அதாவது, முப்பது வருடம் அரசியல் வாடையே படாமல் இருக்கும்படி சட்டமே தள்ளி வைத்த ஒருவரை, ஓய்வூதியக் கடிதம் கையில் கிடைத்த மறுநாள் நீங்கள் மாலை போட்டு மேடையில் ஏற்றுகிறீர்கள். அதே முப்பது வருடமும் சங்கம் வைத்து, கூட்டம் கூட்டி, பேசி, தோற்று, மறுபடி பேசிப் பழகியவனைப் பார்த்து அனுபவம் போதாது என்கிறீர்கள். அரசியல் அனுபவம் என்று நீங்கள் சொல்வது உண்மையில் எதை?

என் மகளின் குடும்பம் சிட்னியில், பென்டில் ஹில் பகுதியில் இருக்கிறது. மட்டக்களப்பு ஆட்கள் அங்கே நிறையப் பேர். உங்கள் கட்சிகளுக்குக் காசு அனுப்புகிறவர்களும் அவர்களுக்குள் உண்டு. நான் அங்கே போயிருந்தபோது, ரயில்வேக்காரன் என்பதால் மருமகன் என்னை ரெட்ஃபேர்னுக்குப் பக்கத்தில் ஈவ்லி என்ற இடத்துக்குக் கூட்டிப்போனார். ஒரு காலத்தில் நியூ சவுத் வேல்ஸ் மாநில ரயில்வேயின் மாபெரும் பட்டறை அங்கே இருந்தது. இன்று அதன் ஒரு பகுதி கலை அரங்கமாகிவிட்டது. அந்தப் பட்டறையில் பதின்ம வயதில் பயிலுநராகச் சேர்ந்து, இயந்திரப் பாகங்களைப் பொருத்தும் பிற்றர் வேலை பார்த்த ஒருவரைப் பற்றி அங்கேதான் முதலில் கேள்விப்பட்டேன். திரும்பி வந்து தேடித் தேடிப் படித்தேன். அவர் பெயர் ஜோ கேஹில்.

1891இல் ரெட்ஃபேர்னில் பிறந்தவர். 1917 ஒகஸ்டில் அங்கே ரயில்வே, ட்ராம் பட்டறைகளில் ஒரு பெரிய வேலைநிறுத்தம் வெடித்தது. ஒவ்வொரு தொழிலாளியும் எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் எடுக்கிறான் என்பதை அட்டையில் பதிய வேண்டும் என்று நிருவாகம் கொண்டுவந்த முறைதான் காரணம். ரயில்வேயில் தொடங்கியது துறைமுகம், நிலக்கரிச் சுரங்கம் என்று பரவியது. சில கிழமைகளில் தோற்றும் போனது. தோற்ற பின் நிருவாகம் பழி தீர்த்தது. கேஹில் வேலையிலிருந்து நீக்கப்பட்டார். அவருடைய பதிவேட்டில் 'கிளர்ச்சிக்காரன்' என்று குறித்து வைத்தார்கள். அந்தக் குறிப்போடு வேறு இடத்தில் வேலை தேடுவது எப்படி இருந்திருக்கும் என்பதை எங்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அதே வேலைநிறுத்தத்தில் பென் சிஃப்லி என்ற ரயில் சாரதியும் தண்டிக்கப்பட்டுத் தரமிறக்கப்பட்டார். அவர் 1945இல் அவுஸ்திரேலியாவின் பிரதமரானார். அது மத்திய அரசு. நான் சொல்ல வருவது மாநிலத்தைப் பற்றி, ஏனென்றால் நீங்கள் ஆள் தேடுவது மாகாணத்துக்கு.

பதிவேட்டில் கறை விழுந்த அந்தப் பிற்றரைத் தொழிற் கட்சி 1925இல் மாநில சட்டசபைத் தேர்தலில் நிறுத்தியது. வென்றார். 1932இல் தோற்றார். தோற்ற ஆளைக் கட்சி தூக்கி எறியவில்லை. 1935இல் மறுபடி வென்று வந்தார். 1941இல் பொது வேலைகள் அமைச்சர். 1952இல் மாநில முதல்வர். 1959இல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். சமமான வேலைக்குப் பெண்களுக்கும் சமமான ஊதியம் என்ற சட்டம் 1958இல் அவருடைய அரசாங்கம் கொண்டுவந்தது. நகரத்தின் நடுவில் சேர்க்குலர் கீ ரயில் நிலையம் 1956இல் திறக்கப்பட்டதும் அவர் முதல்வராக இருந்தபோதுதான்.

உலகம் முழுவதும் படத்தில் பார்க்கிற சிட்னி ஒபரா மண்டபம் இருக்கிறதே, அதைக் கட்டியே தீர வேண்டும் என்று அரசாங்கத்துக்குள் பிடிவாதமாக நின்றவர் இந்த ரயில்வே பிற்றர்தான். 1954இல் அதற்காகக் கூட்டம் கூட்டினார். உலகளாவிய வடிவமைப்புப் போட்டி நடத்தப்பட்டு 1957இல் டென்மார்க்கைச் சேர்ந்த யோர்ன் உட்சனின் வரைபடம் தெரிவானது. தொழிற் கட்சிக்கு ஒபரா எதற்கு என்று அவருடைய கட்சிக்குள்ளேயே கேட்டார்கள். வரிப்பணத்தில் கைவைக்காமல் லொத்தர் நடத்திப் பணம் சேர்க்க வழிசெய்தார். வரைபடம் முழுதாக முடிவதற்கு முன்பே 1959 மார்ச்சில் வேலையைத் தொடங்க வைத்தார். பொறியியல் கணக்கில் அது அவசரம். செலவும் எதிர்பார்த்ததைவிடப் பலமடங்கு ஏறியது, அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்த ஒக்டோபரில் அவர் இறந்துபோனபோது வேலையை நிறுத்த முடியாத கட்டத்துக்குக் கொண்டுபோய்விட்டிருந்தார். மண்டபம் 1973இல் திறந்தது. அவர் பெயரை இன்று தாங்கி நிற்பது மண்டபம் அல்ல, சேர்க்குலர் கீ நிலையத்தின் தலைக்கு மேலால் போகும் ஒரு மேம்பாலச் சாலை. அழகில்லாத சாலை என்று அந்த ஊர்க்காரர்களே குறை சொல்கிறார்கள். எனக்கென்னவோ அதன் கீழே ரயில் ஓடுவதில் ஒரு பொருத்தம் தெரிந்தது.

'அந்தஸ்து உள்ள தொழில்' என்ற உங்கள் நிபந்தனை இருக்கையில் கேஹில் உங்கள் குழுவின் முன் வந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? வாகனம் உண்டா என்று கேட்டிருப்பீர்கள்.

எங்களிடம் அப்படிப்பட்டவர்கள் இல்லாமல் போனதற்கும் காரணம் உண்டு. 1980 ஜூலையில் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டு இலங்கையில் பொது வேலைநிறுத்தம் நடந்தது. ரயில்வே ஊழியர்களும் அதில் முன்னே நின்றார்கள். ஜே.ஆர். ஜெயவர்தனவின் அரசாங்கம் 40,000க்கும் மேற்பட்ட அரச ஊழியர்களை ஒரே வீச்சில் வேலையிலிருந்து தூக்கியது. எனக்கு முன் இந்தப் பாதையில் வேலை செய்த மூத்தவர்கள் அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்லும்போது குரல் மாறிவிடும். சிலர் கூலி வேலைக்குப் போனார்கள், சிலர் மனநோயாளியானார்கள். நியூ சவுத் வேல்ஸில் 1917இல் விரட்டப்பட்டவனுக்கு எட்டு வருடத்தில் சட்டசபை திறந்தது. இங்கே விரட்டப்பட்டவர்களை எந்தக் கட்சி தேடிப்போய் ஆசனம் கொடுத்தது? தமிழ்க் கட்சிகளுக்கு அப்போது வேறு பிரச்சினைகள் இருந்தன என்பீர்கள். இருந்தன. அந்தப் பிரச்சினைகளின் நடுவிலும் தண்டவாளத்தில் நடந்து ஆணி பார்த்தவர்கள் நாங்கள். ரயில் மட்டக்களப்புவரை வராமல் பொலன்னறுவையோடு நின்றுபோன காலத்தையும், சிலிப்பர் கட்டைகள் பதுங்குகுழிக்குக் கூரையாகப் போன காலத்தையும் பார்த்தவர்கள். அந்த அனுபவத்துக்கு உங்கள் விண்ணப்பத்தில் கட்டம் இல்லை.

உங்களிடமிருந்து வரக்கூடிய ஒரு மறுப்பு நியாயமானது. அதை நானே சொல்லிவிடுகிறேன். நியூ சவுத் வேல்ஸில் ரயில்வே மாநிலத்தின் சொத்து. இங்கே அது மத்திய அரசின் திணைக்களம். மாகாண சபைக்குப் போகும் ரயில்வேக்காரன் ரயில்வேயைப் பற்றி அங்கே என்ன செய்துவிட முடியும்?

தண்டவாளத்தை அவனால் தொட முடியாதுதான். அதைக் கடக்கும் வீதியைத் தொட முடியும். ஒரு கடவையை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டவாளம் ரயில்வே திணைக்களத்துக்கு. வீதி சில இடத்தில் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, சில இடத்தில் பிரதேச சபைக்கு. காப்பாளர் பொலிஸுக்கு. விபத்து நடந்தால் நான்கு கடிதத் தலைப்புகளில் நான்கு விளக்கம் வரும்; கடவையில் ஒரு வேகத்தடைகூடப் போடப்பட்டிருக்காது. வீதி வெளிச்சம் யாருடைய வேலை, பற்றையை வெட்டுவது யாருடைய வேலை, எந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் எத்தனை மணிக்குக் கடக்கிறார்கள், வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து மீன் லொறி எப்போது வரும், அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றிய உழவு இயந்திரம் எந்த வளைவில் தண்டவாளத்தில் சிக்கும் என்பதெல்லாம் அந்தக் கொட்டிலில் இருப்பவருக்கு அத்துப்படி. இதை ஒரு நிருவாக உத்தியோகத்தர் அறிக்கை கேட்டு, குழு அமைத்து, ஆறு மாதத்தில் தெரிந்துகொள்வார்.

பஸ் விடயத்தையும் பாருங்கள். மாகாணத்துக்குள் ஓடும் பஸ் சேவை மாகாண சபையின் அதிகாரத்துக்குள் வருகிறது. கொழும்பிலிருந்து வரும் இரவு ரயில் மட்டக்களப்பு நிலையத்தில் வந்து நிற்கிறது. தண்டவாளம் அங்கேயே முடிந்துவிடுகிறது. கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் போகிறவர்கள் பைகளோடும் தூங்குகிற பிள்ளைகளோடும் வெளியே வருகிறார்கள். அம்பாறை மாவட்டத்துக் கரையோர மக்களுக்கு ரயில் என்பது மட்டக்களப்புவரை வந்து பிடிக்க வேண்டிய ஒன்று. கல்முனையே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தூரம். ரயில் நேரத்துக்குப் பொருந்தும் பஸ் இல்லாததால் ஓட்டோக்காரர் கேட்கிற தொகையைக் கொடுக்கிறார்கள், அல்லது பஸ் வரும்வரை வாங்கில் குந்தியிருக்கிறார்கள். ரயில் பாதையைப் பொத்துவில்வரை நீட்டுவோம் என்ற வாக்குறுதியை எத்தனை தேர்தலில் கேட்டிருக்கிறோம் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். பாதை நீட்ட மத்திய அரசு வேண்டும், பெரும் பணம் வேண்டும். ரயில் நேரத்துக்கு ஒரு பஸ் விட ஒரு கூட்டத் தீர்மானமும் அதைப் பின்தொடர ஒரு மனிதனும் போதும். நிலையத்தில் வேலை செய்த எவரைக் கேட்டாலும் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பார். நீங்கள் கேட்கவில்லை.

2025 பெப்ரவரி 20ஆம் திகதி கொழும்புக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் ஓடும் மீனகயா ரயில் கல் ஓயாப் பக்கம் யானைக் கூட்டத்தில் மோதி 6 யானைகள் செத்தன. பெட்டிகள் தடம் புரண்டன. அதற்குப் பிறகு ஒரு மாதம் எல்லோரும் யானை நிபுணர்களாக இருந்தார்கள். அந்தப் பாதையில் இரவில் ரயில் ஓட்டுகிறவரையும் பாதை பார்க்கிறவரையும் கூப்பிட்டு உங்களில் ஒருவர் கேட்டதாக நான் அறியவில்லை.

இன்னொன்று. உள்ளூராட்சி சபைகளில் 25 வீதம் பெண்கள் இருக்க வேண்டும் என்று சட்டம் வரும்வரை, 'பொருத்தமான பெண்கள் கிடைக்கவில்லை' என்பதே உங்கள் பதிலாக இருந்தது. சட்டம் வந்ததும் ஒவ்வொரு வட்டாரத்திலும் கிடைத்தார்கள். நன்றாகவும் வேலை செய்கிறார்கள். எங்கள் விடயத்திலும் ஒரு சட்டம் வரும்வரை காத்திருக்கப்போகிறீர்களா? கடவைகளில் பெண் காப்பாளர்களும் இருக்கிறார்கள் என்பதை நினைவூட்டுகிறேன்.

மாகாண சபை இருந்தால்தானே இதெல்லாம் என்று யாராவது சிரிக்கக்கூடும். கிழக்கு மாகாண சபையின் பதவிக்காலம் 2017 செப்டெம்பர் 30இல் முடிந்தது. 37 உறுப்பினர்கள் இருந்த சபை அது. மட்டக்களப்புக்கு 11, அம்பாறைக்கு 14 என்று மக்கள் தெரிவு செய்த கதிரைகள் அன்றிலிருந்து வெறுமையாக இருக்கின்றன. ஆளுநரும் செயலாளர்களுமே மாகாணத்தை நடத்துகிறார்கள். அந்த ஆண்டு பாராளுமன்றத்தில் தேர்தல் முறையை மாற்றும் சட்டத்துக்கு ஆதரவாகக் கைதூக்கியவர்களில் உங்களவர்களும் உண்டு. அந்தச் சட்டத்தின் எல்லை நிர்ணயச் சிக்கல்தான் இன்றுவரை தேர்தலைக் கட்டிப்போட்டு வைத்திருக்கிறது. நடக்காத தேர்தலுக்கு வேட்பாளரின் அந்தஸ்தை அளக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. தேர்தலை நடத்து என்று வீதிக்கு வர நேரம் இல்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

தொழில் அந்தஸ்தை வேட்பாளர் தகுதியாக வைத்திருக்கும் முடிவை அந்தக் கட்சி எழுத்தில் மீளப்பெற வேண்டும். மற்றக் கட்சிகள் அப்படி ஒரு நிபந்தனை தங்களிடம் இல்லை என்பதை எழுத்தில் அறிவிக்க வேண்டும். விண்ணப்பப் படிவத்தில் வாகனம் பற்றிய கேள்வியை நீக்குங்கள். குடியைப் பற்றிய கேள்வி படிவத்தில் இல்லை. அதைக் கேட்பவரைக் குழுவிலிருந்து நீக்குங்கள்.

மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய இரு மாவட்டப் பட்டியல்களிலும் அன்றாடக் கூலிக்கும் நிரந்தரமற்ற கொடுப்பனவுக்கும் வேலை செய்கிறவர்களுக்குக் குறைந்தது இரண்டு இடங்களை ஒதுக்குங்கள். ரயில் கடவைக் காப்பாளர், பாதை ஊழியர், மீன்பிடித் தொழிலாளி, வயல் கூலியாள் என்று யாராகவும் இருக்கலாம். அவர்களின் தொழிற்சங்கமோ கூட்டுறவுச் சங்கமோ பெயரைப் பரிந்துரைக்கட்டும். பட்டியலை நிரப்புவதற்கு மட்டும் பெயரைப் போட்டுவிட்டு, விருப்பு வாக்குக்குக் காசுள்ளவரின் இலக்கத்தை மட்டும் மேடையில் சொல்கிற வழக்கம் வேண்டாம். எல்லா வேட்பாளருக்கும் ஒரே அளவு துண்டுப்பிரசுரம், ஒரே அளவு மேடை நேரம், கட்சியின் செலவில். தேர்தல் செலவுகளை ஒழுங்குபடுத்தும் 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன்படி வேட்பாளர்கள் ஒப்படைக்கும் கணக்கைக் கட்சி அலுவலகத்தின் பலகையிலும் ஒட்டுங்கள்.

தோற்கிறவரை விட்டுவிடாதீர்கள். முதல் தேர்தலில் தோற்ற தொழிலாளிக்கு அடுத்த தேர்தலிலும் இடம் உண்டு என்று இப்போதே தீர்மானம் நிறைவேற்றுங்கள். ஒப்பந்தக்காரர் தோற்றால் ஒப்பந்தத்துக்குத் திரும்பிப்போவார். கடவைக் காப்பாளர் தோற்றால், விடுப்பு எடுத்த குற்றத்துக்கு அந்தக் கொடுப்பனவும் போய்விடலாம். அவருக்கு அந்தக் காலத்துக்கான வாழ்வாதாரத்தைக் கட்சி பொறுப்பெடுக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் நிதியில் இதற்கு இடம் இருக்கிறது. சிட்னியில் கொடுப்பவர்களிடம் இதை நானே பேசத் தயார்.

உங்கள் விஞ்ஞாபனத்தில் மூன்று விடயங்கள் பெயர் சொல்லி இடம்பெற வேண்டும்: கடவைக் காப்பாளர்களை ரயில்வே திணைக்களத்துக்குள் நிரந்தரமாக உள்வாங்கப் பாராளுமன்றத்தில் உங்கள் உறுப்பினர்கள் எப்போது, எந்த வடிவில் பிரேரணை கொண்டுவருவார்கள் என்பது; மாகாண வீதிகளும் பிரதேச சபை வீதிகளும் தண்டவாளத்தைக் கடக்கும் ஒவ்வோர் இடத்திலும் வேகத்தடை, வெளிச்சம், கொட்டிலில் தண்ணீர், கழிப்பறை; கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் பக்கத்துக்கு இரவு ரயிலோடு பொருந்தும் பஸ். பிரதேச சபைகள் சில இப்போதே உங்கள் கையில் இருப்பதால், இரண்டாவதைத் தொடங்க மாகாணத் தேர்தல்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த மாத அமர்விலேயே எடுக்கலாம்.

தேர்தலை நடத்தும்படி எல்லாத் தமிழ்க் கட்சிகளும், முடிந்தால் முஸ்லிம் கட்சிகளும் சேர்ந்து, ஒரு கூட்டு மனுவையும் ஒரு கூட்டுப் போராட்டத் திகதியையும் அறிவியுங்கள். அறிவித்தால் களத்துக்கு நாங்கள் வருவோம்.

இந்த மடலுக்கான பதிலை ஒரு மாதத்துக்குள், கட்சியின் கடிதத் தலைப்பில், குழுத் தலைவரின் கையொப்பத்தோடு எதிர்பார்க்கிறேன். தொலைபேசியில் அழைத்து 'பேசித் தீர்த்துக்கொள்வோம்' என்று சொல்ல வேண்டாம். கிடைக்கும் பதில்களையும், கிடைக்காத கட்சிகளின் பெயர்களையும் வாழைச்சேனை தொடக்கம் மட்டக்களப்புவரை ஒவ்வொரு கடவையிலும் எழுதி வைப்போம்.

ஓய்வுபெற்ற ரயில்வே பாதைப் பராமரிப்பு ஊழியர் ஒருவர்
வந்தாறுமூலை